சேலத்து வெயிலில் திணறும் கம்ப்யூட்டர்: பிராசஸர் சுமையைக் குறைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் பலரும் முதலில் 'வேகப்படுத்தும்' சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடி இறக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதுவும் பின்னணியில் ஓடி, ஏற்கெனவே திணறும் பிராசஸருக்கு (கம்ப்யூட்டரின் மூளை) இன்னொரு சுமையாகிவிடும். தேவையான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

படி 1: எது தின்கிறது என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சின்னதாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெயில்ஸ்' இருக்கும், அதை அழுத்துங்கள். 'பிராசஸஸ்' பகுதியில் 'சிபியு' (பிராசஸர்தான் இது) என்ற தலைப்பின் மேல் ஒரு கிளிக். அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும்.

அவசரப்படாமல் ஒரு நிமிஷம் கவனியுங்கள். 90 சதவீதத்துக்கு ஏறி உடனே இறங்குவது சகஜம். நீங்கள் எந்த வேலையும் கொடுக்காதபோதும் 60, 70-லேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். சிபியு 10-இல் இருக்க, பக்கத்தில் 'டிஸ்க்' 100 காட்டுகிறதா? அப்போது பிரச்சினை பிராசஸரில் இல்லை, பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போடுவதே நல்லது.

படி 2: தேவையில்லாததை மூடுங்கள்

பெரும்பாலும் மேலே நிற்பது பிரவுசர்தான். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். பெரிதாக எடுப்பதை மூடிவிடுங்கள்.

பெயர் தெரியாத எதற்கும் 'எண்ட் டாஸ்க்' கொடுக்காதீர்கள். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்று வந்தால், அது விண்டோஸின் சொந்த வைரஸ் பாதுகாப்பு. ஸ்கேன் முடிந்ததும் தானாக இறங்கிவிடும்.

படி 3: ஸ்டார்ட்அப்

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதுமே ஓடத் தொடங்குபவை அங்கே இருக்கும். தினமும் தொடாதவற்றை வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். புரோகிராம் அழியாது, தானாக மட்டும் ஓடாது.

படி 4: சூடும் பஞ்சும்

நம்ம ஊரில் இதைத் தவிர்க்கவே முடியாது. கோடையில் சேலம் 40 டிகிரியைத் தொடும். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால், கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது சின்ன வேலைக்கும் சிபியு முழுதாக ஓடுவது போலத் தெரியும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'பேஸ் ஸ்பீட்' (பிராசஸரின் இயல்பான வேகம்) 3 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்து, நல்ல சுமையிலும் 'ஸ்பீட்' 1 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நின்றால் சூட்டைச் சந்தேகியுங்கள்.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் வீட்டிலேயே தறி ஓடினால் கேபினெட்டைத் திறந்து பார்ப்பது கட்டாயம். பறக்கும் பஞ்சை ஃபேன் உள்ளே இழுக்கும். பிராசஸர் மேல் இருந்து அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது படிந்து, கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாகிவிடும். ஃபேன் சுற்றும், ஆனால் காற்று இறங்காது.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, ஒயரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். வெளியே திண்ணைக்கோ மாடிக்கோ கொண்டுபோய்ப் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் பஞ்சை மெதுவாகப் பிரித்து எடுங்கள். பிளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் ஃபேன் கெடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குச் சூட்டுத் தொல்லை குறைவு, வருஷத்துக்கு ஒரு தடவை தூசு தட்டினால் போதும். தறி ஓடும் வீட்டில் மாதாமாதம் திறந்து பாருங்கள். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் இறங்கினால் ஹீட்சிங்க்குக்கு அடியில் உள்ள தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்திருக்கலாம். கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்து, பழையதைத் துடைத்துப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.