ஒரே சுரத்தை இழுத்தால் நாதஸ்வரம் வராது

சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலியை வெவ்வேறு சுருதியில் ஒலிக்க வைக்கும் கருவி) நாதஸ்வரத்தை ஏற்றி கீபோர்டில் வாசிக்க நினைப்பவர்களுக்கு இது உதவும். திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்குத் தெரிந்த நாதஸ்வரக்கார அண்ணன் பாரியில் (நீளமான, தாழ்ந்த சுருதி நாதஸ்வரம்) ஊதிக் கொடுத்த ஸட்ஜத்தை (2 கட்டை, அதாவது டி) கீபோர்டின் எல்லா கீகளுக்கும் பரப்பிப் பார்த்தேன், மேலே போகப் போக பொம்மைக் குரலாகிவிட்டது. சாம்ப்ளர் பதிவை வேகமாக ஓட்டித்தான் சுருதியை ஏற்றுகிறது. 12 அரைச்சுரம் (அடுத்தடுத்த இரண்டு கீகளுக்கு இடையிலான தூரம் ஒரு அரைச்சுரம்) ஏற்றினால் நீளம் பாதியாகிவிடும், சீவாளியின் (ஊதும் முனையில் செருகும் நாணல்) கரகரப்பும் சேர்ந்தே மாறிவிடும்.

அப்புறம் அவரிடமே போய், "அண்ணே, கமகம் வேண்டாம், நேரா பிடிச்சு நிறுத்துங்க" என்று கேட்டு 3 அரைச்சுரத்துக்கு ஒன்றாகப் பதிவு செய்தேன். கமகத்திலேயே, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதிலேயே, ஊறியவருக்கு அப்படி அசையாமல் ஊதுவது சுலபமில்லை, பொறுமையாகச் செய்தார். ஒவ்வொரு பதிவுக்கும் ரூட் நோட் (அது எந்த சுரத்தில் ஊதப்பட்டது என்ற குறிப்பு) வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று மட்டும் விரித்தால் போதும், குரல் மாறுவது காதுக்குத் தெரியாது.

அதிகம் வேலை வாங்கியது லூப்தான், அதாவது கீயை அழுத்தியிருக்கும் வரை பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் தொடக்கத்தையும் முடிவையும் வைத்ததும் 'டிக்' சத்தம் போனது, ஆனால் லூப் குட்டையாக இருந்ததால் ஒரே ரீங்காரம். ஊதத் தொடங்கும் காற்றுச் சத்தத்தைத் தாண்டி, 1 வினாடிக்கு மேல் நீளமாக எடுத்து கிராஸ்ஃபேடு (முடிவும் தொடக்கமும் ஒன்றில் ஒன்று கரைவது) கொடுத்த பிறகுதான் மூச்சு உயிரோடு கேட்டது.

கமகத்துக்கு மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) வைத்து, பிட்ச் வீலை (சுருதியை வளைக்கும் சக்கரம்) 2 அரைச்சுரத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள். தோடி மாதிரி ராகத்துக்கு அந்த வீல் இல்லாமல் முடியவே முடியாது.