எச்.ஐ.வி. தடுப்பூசியைச் சுண்டெலியில் சோதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீங்கற்றதாக்கப்பட்ட ஒரு வைரஸுக்குள் (இதுவே 'கடத்தி') எச்.ஐ.வி.யின் மரபணுவைப் பொருத்தி உருவாக்கும் தடுப்பூசியைச் சுண்டெலிக்குச் செலுத்திவிட்டு, 'எலி எச்.ஐ.வி.யிலிருந்து பாதுகாக்கப்பட்டது' என்று எழுதுவதே இத்துறையில் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு. சாதாரணச் சுண்டெலிக்கு எச்.ஐ.வி. தொற்றுவதே இல்லை. அதன் செல்களில் உள்ள சிடி4, சிசிஆர்5 ஆகிய ஏற்பிகள் அந்த வைரஸை உள்ளே விடுவதில்லை. எப்படியோ உள்ளே புகுத்தினாலும், வைரஸின் மரபணுக்களைச் செயல்படத் தூண்டும் டாட் புரதத்துக்குத் துணைநிற்க வேண்டிய சைக்ளின் டி1 (cyclin T1) என்ற செல் புரதம் எலியில் சற்று மாறுபட்டிருப்பதால் பெருக்கம் தடைபடுகிறது. எனவே இச்சோதனையால் விடை காணக்கூடிய கேள்வி, கடத்தி வைரஸ் சுமந்து சென்ற புரதத்துக்கு எதிராக டி செல்களும் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) ஆன்டிபாடிகளும் உருவாயினவா, எந்த அளவில், எவ்வளவு காலத்துக்கு என்பதுதான்.

இந்தக் குறையை ஈடுகட்ட, எச்.ஐ.வி.யின் காக் (உட்கூட்டுப் புரதத்துக்கானது) அல்லது என்வ் (வெளியுறைப் புரதத்துக்கானது) மரபணுவைச் சுமக்கும் வாக்சினியா வைரஸை, அதாவது பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வைரஸை, தடுப்பூசி பெற்ற எலிக்குச் செலுத்தி, சில நாட்கள் கழித்துச் சூலகத்தில் அது எவ்வளவு பெருகியிருக்கிறது என்று அளப்பது வழக்கம். ஆனால் தடுப்பூசியின் கடத்தியே எம்.வி.ஏ. (வலுவிழக்கச் செய்யப்பட்ட ஒருவகை வாக்சினியா) என்றால் முடிவு பொய்யாகிவிடும், ஏனெனில் எம்.வி.ஏ.யும் வாக்சினியாதான், எலி எதிர்த்தது எச்.ஐ.வி. புரதத்தையா, கடத்தியையா என்று பிரித்தறிய வழியிருக்காது. எச்.ஐ.வி. மரபணு இல்லாத வெற்றுக் கடத்தியைப் பெற்ற எலிக் குழு கட்டாயம் வேண்டும். உப்புநீர் மட்டும் பெற்ற குழுவோடு ஒப்பிட்டு வெற்றி என்று சொல்வதை என்னால் சான்றாக ஏற்க இயலவில்லை. அதைவிடவும் நல்லது, வாக்சினியாவோடு உறவில்லாத வேறொரு வைரஸைத் தாக்குதலுக்குப் பயன்படுத்துவது.

எலி இனத்தைத் தேர்வதிலும் சறுக்கல் உண்டு. பால்ப்-சி எலிகள் என்வ் புரதத்தின் வி3 பகுதியிலுள்ள பி18 என்ற சிறு துண்டுக்கு மிக வலுவாக எதிர்வினை காட்டும். அது, புரதத் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் எச்-2டிடி (H-2Dd) என்ற அவ்வின மூலக்கூறின் தயவு. அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு தடுப்பூசியின் பொது ஆற்றலை மதிப்பிடலாகாது. மேலும், பி18 துண்டு எச்.ஐ.வி.யின் பி உட்பிரிவு வைரஸிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தியாவில் பெரிதும் பரவியுள்ள சி உட்பிரிவில் அதே இடத்தின் அமினோ அமில வரிசை மாறியிருப்பதால், சி உட்பிரிவு மரபணுவைக் கொண்ட தடுப்பூசியைப் பி உட்பிரிவுப் பெப்டைடுகளால் (சிறு புரதத் துண்டுகளால்) சோதித்தால் நல்ல தடுப்பூசியும் தோற்றதாகத் தோன்றும். சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-இல் முதற்கட்ட மனிதச் சோதனைக்கு வந்த எம்.வி.ஏ. தடுப்பூசி சி உட்பிரிவைச் சார்ந்ததே.

கடத்தி வைரஸைச் செல்களில் மீண்டும் மீண்டும் வளர்க்கும்போது, செருகிய மரபணு, குறிப்பாக என்வ், சிதையக்கூடும். ஆகவே எலிக்குச் செலுத்தும் அதே தொகுதியின் மரபணு வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும். மற்றொரு கடத்தியான அடினோ வைரஸில் மொத்தத் துகள்களின் எண்ணிக்கையும் தொற்றும் திறனுள்ளவற்றின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. எந்த அளவீட்டில் மருந்தளவு குறிக்கப்பட்டது என்று சொல்லாமல் இரு தடுப்பூசிகளை ஒப்பிடுவது வீண். ஊசி போட்ட இரண்டாம் வாரத்தில் உச்சத்திலிருக்கும் டி செல் எண்ணிக்கையை நோயெதிர்ப்பு நினைவாற்றலாகக் கணக்கிடுவதும் அப்படியே. சில வாரங்கள் கழித்தும் மண்ணீரலை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

ஆய்வகச் சுண்டெலி மனித அடினோ வைரஸ் 5-ஐ முன்பின் கண்டதில்லை. மனிதரில் பலர் சிறுவயதிலேயே அதனால் தொற்றுக்கு ஆளானவர்கள். அந்தக் கடத்தியைப் பயன்படுத்திய 'ஸ்டெப்' என்ற மனித எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை 2007 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. தொற்றைத் தடுக்காததோடு, அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி முன்பே இருந்த, விருத்தசேதனம் செய்யாத ஆண்களிடையே எச்.ஐ.வி. தொற்று அதிகமாகவே காணப்பட்டது. இவ்வளவையும் எலி முன்கூட்டிச் சொல்லியிருக்காது என்றாலும், எலிகளில் ஒரு பகுதிக்கு முதலில் அடினோ வைரஸ் 5-ஐச் செலுத்தி, அதன் பிறகு தடுப்பூசி போட்டுப் பார்த்தால், முன்னெதிர்ப்பினால் விளைவு எவ்வளவு குறைகிறது என்பதையாவது அறியலாம்.