நல்ல காற்று அடிக்கிறதே என்று டர்பனிலிருந்து கிளம்பாதீர்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் படகுத்துறையில் ஓர் இளம் தம்பதியைப் பார்த்தேன். சென்னையிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவர்கள். இருபத்தேழு அடிப் பாய்ப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, முதல் நீண்ட ஓட்டமாக, இதே கரையில் தென்மேற்கே இருக்கும் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வடகிழக்குக் காற்று சீராக வீசியது. “காற்றைப் பாருங்கள் அக்கா, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போய்விடும்” என்றார் அந்தக் கணவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே துறையில், இதே காற்றைப் பார்த்து, என் கணவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வார இறுதிகளில் புதியவர்களுக்குக் கரையோரக் கடலோட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், டீசல் நிரப்புங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் அடிபட்டுக் கற்றவை மட்டும்.

வடகிழக்கு வலுத்த பிறகு கிளம்புவது

இந்த ஒரு தவற்றைப் பற்றிப் பேசினால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் எங்கள் மேலேயே.

டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் சுமார் 250 கடல்மைல். நடுவில் சிறு படகு ஒதுங்க ஒரு துறைமுகம் இல்லை. போர்ட் செயின்ட் ஜான்ஸ் என்று வரைபடத்தில் இருக்கிறதே என்பார்கள். பெயரில் மட்டும்தான் துறைமுகம். அங்கே இருப்பது ஓர் ஆற்றுவாய், அதன் குறுக்கே மணல்திட்டு, அதன் மேல் உடையும் அலை. ஆகக் கிளம்பினால் போய்ச் சேர வேண்டும், அல்லது திரும்பி வர வேண்டும்.

மணிக்கு ஐந்து மைல் ஓடும் படகுக்கு இது ஐம்பது மணி நேர ஓட்டம். ஆனால் அகுல்ஹாஸ் நீரோட்டம் இருக்கிறதே, அது தென்மேற்கு நோக்கி, ஏறத்தாழ 200 மீட்டர் ஆழக்கோட்டை ஒட்டிப் பாய்கிறது. மூன்று மைல் வேகம் அதிலிருந்து கிடைத்தாலே ஐம்பது மணி நேரம் முப்பத்தொன்றாகிவிடும். நான் பிறந்த தூத்துக்குடியில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், ஒரு பாகம் ஆறடி; நூறு பாகத்துக்குச் சற்று மேலே போனால் இந்த நீரோட்டம் கிடைக்கும். ஆனால் இதை நீவாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது கடலுக்குள் ஓடும் ஆறு.

இப்போது காற்றுக்கு வருவோம். வடகிழக்கு நமக்குப் பின்காற்று, நல்லதுதான். ஆனால் அது வலுத்து வீசுகிறது என்றால், பெரும்பாலும் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது, மேற்கிலிருந்து ஒரு தாழ்வழுத்தம் கரையை ஒட்டி நம்மை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது கடந்ததும் காற்று ஒரேயடியாகத் தென்மேற்குக்குத் திரும்பும். எங்கள் ஊரின் தென்மேற்குக் கச்சான் காற்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பருவம் பார்த்து வரும். இது கதவை உதைத்துத் திறந்துகொண்டு வரும். நீர் தென்மேற்கே ஓட, காற்று தென்மேற்கிலிருந்து எதிர்த்து அடிக்க, அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழுகின்றன. தென்கடலிலிருந்து வரும் நீண்ட அலையும் சேர்ந்துகொண்டால், அலைக்கு முன்னால் கடலில் குழி வெட்டியது போல ஒரு பள்ளம் விழும். பெரிய சரக்குக் கப்பல்களின் முகப்பே இதில் நெளிந்திருக்கிறது. 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய வாரட்டா என்ற நீராவிக் கப்பல் 211 பேரோடு இந்தக் கரையோரம் காணாமற்போனது. எப்படி என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

இவ்வளவும் நாங்கள் படித்திருந்தோம். என்றாலும் திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போக வேண்டும், அவருக்கு விடுப்பு முடிகிறது. வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தோம். பாரோமீட்டர் 1014 மில்லிபார். அதற்கு முன் ஒன்றரை நாளாக வடகிழக்கு வீசிக்கொண்டிருந்தது என்பதை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

அந்த இரவைப் போல் ஓர் ஓட்டம் பிறகு எங்களுக்கு வாய்த்ததில்லை. நிலா, வெதுவெதுப்பான காற்று, மணிக்கு ஏழெட்டு மைல். காலை ஆறு மணிக்குத் தேநீர் போடும்போது பார்த்தேன், 1006. “என்னங்க, எட்டு இறங்கியிருக்கிறது” என்றேன். “போய்ச் சேர்ந்துவிடலாம், இன்னும் ஒரு பகல்தானே” என்றார். பத்தரை மணிக்குக் காற்று நின்றது. பாய்கள் பட்பட்டென்று அடித்துக்கொண்டு தொங்கின. தென்மேற்கில் அடிவானத்தோடு ஒரு கரிய உருளை, சுருட்டிய பாயைப் போல. இருபது நிமிடத்தில் அது எங்கள் மேல் இருந்தது. போர்ட் செயின்ட் ஜான்ஸுக்கு வெளியே, 200 மீட்டர்க் கோட்டின் மேலேயே, நீரோட்டத்தின் நட்டநடுவில்.

பெரும்பாயை இறக்குவதற்குள் அது குறுக்கே கிழிந்தது. அந்தப் பாயின் அடியைப் பிடித்திருக்கும் பூம் கழி வளைந்தது. சுக்கானில் நின்ற எனக்கு நினைவில் இருப்பது ஒன்றுதான்: ஓர் அலையின் உச்சியிலிருந்து படகு இறங்கவில்லை, விழுந்தது. உள்ளே தட்டு, டம்ளர், வரைபடம், அவருடைய மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரே குவியல்.

செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதைச் செய்தோம். சிறு புயற்பாயை மட்டும் வைத்துக்கொண்டு கரையை நோக்கித் திரும்பினோம். பொதுவாகப் புயலில் கரையைவிட்டு விலகு என்பார்கள். இங்கே நேர்மாறு. நூறு மீட்டர் ஆழத்துக்குள் வந்ததும் அலையின் குணமே மாறியது. ஐம்பது மீட்டரில் கடல் முரடாக இருந்ததே தவிர எங்களைக் கொல்லப் பார்க்கவில்லை. ஏழு மைலைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பிறகு கரையோரமாகவே காற்று போன போக்கில் டர்பனுக்கே திரும்பினோம். திங்கட்கிழமை பள்ளிக்கு நான் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பாய், பூம், கம்பிகள் என்று ஐம்பத்தைந்தாயிரம் ராண்ட் போனது.

சரியான நேரம் எது? தென்மேற்கு அடித்து ஓயும் நேரம். மழை நின்று, குளிர் இன்னும் இருக்கும். பாரோமீட்டர் ஏறி ஏறி ஓரிடத்தில் நிற்கும். கடல் அழகாகவே இருக்காது, கிளம்ப மனமே வராது. அப்போதுதான் கிளம்ப வேண்டும். அடுத்த வடகிழக்கு முழுவதும் உங்கள் கணக்கில் வரும். அந்த இடைவெளி சில சமயம் ஒரு நாள், சில சமயம் மூன்று நாள். உங்கள் படகுக்கு வேண்டிய மணி நேரம் அதில் இல்லையென்றால் காத்திருங்கள். ஈஸ்ட் லண்டனிலோ, அதற்கும் மேற்கே போர்ட் எலிசபெத்திலோ (இப்போது கெபேஹா) காற்று திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே திரும்பியது இங்கே வந்தே தீரும்.

ஒருவர் மாலுமி, மற்றவர் பயணி

தம்பதிகள் படகில் நான் அதிகம் காண்பது இது. கணவர் எல்லாம் தெரிந்தவர். மனைவி சமைப்பார், படம் எடுப்பார். கணவர் கடலில் விழுந்தால்? எந்தப் படகிலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பதிலாகப் பெரும்பாலும் ஒரு சிரிப்பு வரும். எஞ்சினை இயக்க, பாயை இறக்க, வானொலியில் ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலில் தம் இருப்பிடத்தைச் சொல்ல இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஈஸ்ட் லண்டன்வரை இருவரும் சேர்ந்து விழித்திருப்பது அன்பு அல்ல, முட்டாள்தனம். மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி விழித்திருங்கள். எழுப்பினால் எழுந்திருங்கள்.

கரையோரம் கப்பல் வராது என்று நினைப்பது

தெற்கே போகும் கப்பல்கள் நீரோட்டத்தைத் தேடி வெளியே போகும். வடக்கே வருபவை அதைத் தவிர்க்கக் கரையை ஒட்டி வரும், நீங்கள் ஒதுங்கியிருக்கும் அதே இடத்தில்.

குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போடுவது

வெளியேதான் வரும்.

கிளம்பும் முன் மட்டன் பன்னி சவ்

ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு நிரப்பிய டர்பன் பண்டம் அது. வேண்டாம். எங்கள் படகின் அடித்தளத்தைக் கழுவியவள் நான்.

பாயைச் சுருக்கலாமா என்று யோசிப்பது

யோசனை வந்ததே, அப்போதே சுருக்கியிருக்க வேண்டும்.

அந்த இளம் தம்பதி கிளம்பவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் அல்ல. அந்தப் பெண் பாரோமீட்டர் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மதியம் தென்மேற்கு வந்தது. படகுத்துறையில் கட்டியிருந்த படகுகளே கயிற்றை அறுத்துக்கொண்டு போகப் பார்த்தன. திங்கட்கிழமை விடியற்காலை பாரோமீட்டர் 1021-இல் நின்றது. ஐந்தரைக்கு நான்தான் அவர்கள் கயிற்றை எடுத்துக்கொடுத்தேன். கணவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் விடுப்பு வீணாகிவிட்டதாம்.