ஞாயிற்றுக்கிழமை கேம்ப்பில் எடுத்த சிறுநீர் எதைச் சொல்லும்?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பல கம்பெனிகளில் மருத்துவ கேம்ப் நடக்கிறது. சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈரல், கிட்னி, மார்பு எக்ஸ்ரே. எல்லாம் நார்மல் என்று வந்ததும் வேலையால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பாதிப்பு வந்த பிறகுதான் மாறும். ரசாயனம் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிய அதையே, அல்லது உடம்பில் அது மாறி உண்டாகும் பொருளை அளக்க வேண்டும். பேட்டரிப் பட்டறையா, ரத்தத்தில் ஈயம். குரோம் முலாம் பட்டறையா, சிறுநீரில் குரோமியம். டொலுயீன் என்ற கரைப்பான் கலந்த மை, தின்னர், பசையா, அது உடம்பில் மாறி உண்டாகும் ஆர்த்தோ கிரெசாலைச் சிறுநீரில்.

சரி, சரியான சோதனையைத் தேர்ந்தாயிற்று, எப்போது எடுப்பது? இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம். டொலுயீன் சில மணி நேரத்தில் மாறி வெளியேறத் தொடங்கிவிடும். ஞாயிறு காலை வெறும் வயிற்றில் வரச்சொல்லி எடுத்தால் சனிக்கிழமை முகர்ந்தது அதில் ஏறக்குறைய இருக்காது. ஷிப்டு முடிந்த கையோடு எடுக்க வேண்டும். குரோமியம் நாள்தோறும் கொஞ்சம் சேரும், அதற்கு வாரக் கடைசி ஷிப்டின் முடிவு. ஈயம் ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்குவதால் எந்த நேரமும் எடுக்கலாம்.

வேலை உடுப்போடு, கைகூடக் கழுவாமல் பாட்டிலைப் பிடித்தால் உடம்பில் இருப்பதோடு கையில் ஒட்டியதும் சேர்ந்து வரும். குளித்து, உடை மாற்றி, பட்டறைக்கு வெளியே வைத்து எடுங்கள். விரலில் குத்தி எடுக்கும் ஈயச் சோதனையில் இது இன்னும் முக்கியம். அப்புறம், வெயிலில் நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்துப்போகும். அதனால் சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராமுக்குள் இல்லாத மாதிரியை ஒதுக்கி, வேறு எடுப்பது வழக்கம்.

டொலுயீனுக்குப் பழைய முறைப்படி ஹிப்யூரிக் அமிலம் பார்க்கும் லேப்களும் உண்டு. ஊறுகாய், சாஸ், குளிர்பானத்தில் போடும் சோடியம் பென்சோயேட்டும் அதே அமிலமாகத்தான் வெளியேறும். அதனால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

வயலில் பூச்சிமருந்தடிக்கும் ஆட்களுக்கு, சில மருந்துகள் பட்டால் ரத்தத்தில் குறையும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பார்ப்பதென்றால் சீசனுக்கு முன்பே ஒருமுறை எடுத்து வையுங்கள். ஆளுக்கு ஆள் இயல்பான அளவே மாறுவதால், அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் குறைந்தது தெரியும்.

ரிப்போர்ட்டில் அலகையும் பாருங்கள். ஈயம் டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 200 என்பதும் ஒன்றே.

எண் கூடினால் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது கொடுமை. அப்படிச் செய்யும் இடத்தில் அடுத்த முறை யாரும் மனசார மாதிரி கொடுக்கமாட்டார்கள். கூலி குறையாமல் வேறு வேலைக்கு மாற்றுங்கள், ரிப்போர்ட்டை அவர் கையிலேயே கொடுங்கள். ஈயத்தை வெளியேற்ற மாத்திரை போட்டு மறுபடி அதே உலை முன் நிறுத்துவது கூடவே கூடாது. ஒரே பிரிவில் நாலைந்து பேருக்குக் கூடியிருந்தால் முதலில் புகைபோக்கியையும், டீ குடிக்கும் இடம் எங்கே இருக்கிறது என்பதையும் போய்ப் பாருங்கள்.