என்கர்சஸ் தொடங்கும் இடத்திலேயே விழும் பிழைகள்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில், நாங்கள் நாலைந்து பேர் கூடிச் சி மொழி பழகும் அறையில், ஒரு பொடியன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். "அண்ணா, ஃபொன்ட் பிழை போல. மூன்று தமிழ் ஃபொன்ட் போட்டுப் பார்த்திட்டன், சரிவரேல்லை." என்கர்சஸில் எழுதியிருந்தான்; டெர்மினலில், அதாவது எழுத்து மட்டும் ஓடும் திரையில், பெட்டியும் ஜன்னலும் வரைய உதவும் சி லைப்ரரி அது. திரையின் நடுவில் பெட்டி ஒழுங்காக வந்திருந்தது. உள்ளே தமிழ் நிற்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும், டில்டாக் குறியோடு ஒட்டிய ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் கிடந்தன.

எழுதிய வரிகளைப் பார்க்காமலே பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் அதே இடத்தில் நானும் விழுந்து, எழும்பப் பல நாள் எடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். செமிகோலனை மறப்பது, லைப்ரரியை இணைக்காமல் கம்பைல் செய்வது எல்லாம் இங்கே வராது. அவற்றைக் கம்பைலரே சொல்லித் தரும். கம்பைலர் வாய் திறக்காத பிழைகள்தான் ஆளைத் தின்னும்.

லொகேல் சொல்லாமல் திரையைத் திறப்பது

ஒரு சி புரோகிராம் ஓடத் தொடங்கும்போது உங்கள் கணினி எந்த மொழியில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மொழியும் எழுத்து முறையும் எது என்று சொல்லும் அமைப்புக்கு லொகேல் என்று பெயர்; 'சி' என்றே பெயருள்ள வெறும் லொகேலில்தான் புரோகிராம் தொடங்கும். மொழியின் நியமமே அப்படித்தான். செட்லொகேல் ஃபங்ஷனுக்கு எல்சி_ஆல் என்பதையும் வெற்றுச் சரம் ஒன்றையும் கொடுத்து அழைத்தால்தான், லேங் முதலான சூழல் மாறிகளில் நீங்கள் வைத்திருப்பதை அது எடுத்துக்கொள்ளும். அந்த அழைப்பு, என்கர்சஸ் திரையைத் திறக்கும் இனிட்ஸ்கிரீனுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் அல்ல.

ஏன் முன்னால்? டெர்மினலைத் தயார்படுத்தும் அந்த நேரத்திலேயே, இது யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) இடமா இல்லையா என்று என்கர்சஸ் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு போய்ச் சொன்னால் சில இடத்தில் சரியாக வரும், சில இடத்தில் வராது. அந்த அரைகுறை வெற்றி முழுத் தோல்வியை விட மோசம், ஏனென்றால் வேறெங்கோ பிழை என்று தேடப் போய்விடுவீர்கள். லொகேல் சொல்லவே இல்லை என்றால், பழைய புரோகிராம்கள் கெடாமல் இருக்க, வருவதெல்லாம் ஐஎஸ்ஓ 8859-1 எழுத்து என்று என்கர்சஸ் வைத்துக்கொள்ளும். அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஒற்றை பைட் அட்டவணை. நம்முடைய 'க' யூடிஎஃப்-8இல் மூன்று பைட். மூன்றையும் மூன்று தனி எழுத்தாக எண்ணி வரையப் போகிறது. மூன்றாவது பைட் கட்டுப்பாட்டுக் குறிகளின் வரிசையில் விழுகிறது, அப்படிப்பட்டதை என்கர்சஸ் டில்டாவும் ஓர் எழுத்துமாகக் காட்டும், அதனால்தான் டில்டாவும் பக்கத்தில் ஒரு யூவும். ஃபொன்ட்டுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. டெர்மினலுக்குப் போன பைட்டுகளே பிழை.

இது எனக்கு இன்னும் எரிச்சல் தருவதற்குக் காரணம் உண்டு. புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடைக்குச் சரக்கிருப்புப் பார்க்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பழைய கணினி, மௌஸ் இல்லை, விசைப்பலகை மட்டும். என்கர்சஸுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. சாமான் பெயர்கள் தமிழில் வரவில்லை. ஃபொன்ட் மாற்றினேன், டெர்மினல் மாற்றினேன், லினக்ஸையே திரும்ப நிறுவினேன். பதினோராம் நாள் கை விட்டு, எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் மாற்றிப் போட்டேன். 'ஏஏஎன்ஐ 2' என்றால் இரண்டு அங்குல ஆணி.

ஸ்டோரில் நின்ற ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல். தமிழ் மளமளவென்று வாசிப்பார், ஆங்கில எழுத்தைக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். ஆணிக்கும் ஆணிப்பெட்டிக்கும் இடையில் தடுமாறி இருப்பை மாற்றிப் பதிந்திருக்கிறார். மாத முடிவில் கணக்கு இடித்தது. பேச்சு வாங்கியது அவர். பிழை என்னுடையது.

அப்புறம் வேறு ஏதோ தேடும்போது என்கர்சஸின் கையேட்டுப் பக்கத்தில் அந்தப் பத்தியைக் கண்டேன். லொகேலைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், சொல்லாதபோது லைப்ரரி நடந்துகொள்ளும் விதத்தை நம்பியிருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. ஒரு வரி சேர்த்தேன். அடுத்த நாள் கடையில் ஓட்டிக் காட்டியபோது ஐயா திரையில் விரலை வைத்து, 'ஆணி 2 அங்குலம்', 'முள்ளுக்கம்பி', 'தகரம்' என்று வரிவரியாகச் சத்தமாக வாசித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வரியோடு வேலை முடியாது. இன்னும் இரண்டு இடத்தில் இதே பிழை வேறு உருவில் வரும். ஒன்று, லைப்ரரி. என்கர்சஸ், என்கர்சஸ்டபிள்யூ என்று இரண்டு உண்டு. ஒரு பைட்டுக்குள் அடங்காத அகல எழுத்துகளைக் கையாளத் தெரிந்தது பெயரின் முடிவில் டபிள்யூ உள்ளதுதான். இணைக்கும் கொடிகளை மனப்பாடத்தில் எழுதாமல் பிகேஜி-கன்ஃபிக்கிடம் கேளுங்கள். எது இணைந்திருக்கிறது என்று எல்டிடி கட்டளை காட்டும். மற்றது, சூழல். வீட்டில் சரியாக ஓடியது எஸ்எஸ்எச் வழியாகப் போன சேர்வரில் குழம்பும். அங்கே அந்த லொகேல் உருவாக்கப்படாமலே இருக்கலாம். லொகேல் கட்டளையை ஏ கொடியோடு ஓட்டினால் இருப்பவை பட்டியலாக வரும். செட்லொகேல் தோற்றால் 'நல்' என்ற வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தரும்; எவ்வளவு பேர் அதைப் பார்க்கிறார்கள்? திரை திறக்க முன் அதைச் சோதித்து, தோற்றால் பயனருக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு இஃப் போதும்.

லொகேல் சரியானதும் பெட்டியின் வலது கோடு வளையும். ஸ்டர்லென் எண்ணுவது பைட்டை. 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, ஸ்டர்லெனுக்கு 15. அந்த 15ஐ வைத்து இடம் விட்டால் நிரல், அதாவது மேலிருந்து கீழாக வரும் வரிசை, ஒதுங்காமல் என்ன செய்யும்? அகல எழுத்துச் சரமாக மாற்றி டபிள்யூசிஎஸ்விட்த்தில் கேளுங்கள். அதிலும் தமிழ் உயிர்மெய்க் குறிகளின் அகலத்தில் எல்லா டெர்மினலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே தமிழ் நிரலைக் கடைசியில் வைத்து, எண்களை அதற்கு இடது பக்கம் கொண்டு வாருங்கள். நான் இப்போது எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

இனிட்ஸ்கிரீன் நல் தருகிறதா என்று பார்ப்பது

தராது. டெர்ம் என்ற மாறியில் உள்ள டெர்மினல் வகை அதற்குத் தெரியாவிட்டால், ஒரு பிழைச் செய்தியை எழுதிவிட்டுப் புரோகிராமையே அது முடித்துவிடும். உங்கள் இஃப் வரை ஓட்டம் வராது. தோல்வியை நீங்களே கையாள வேண்டுமென்றால் நியூடெர்மை அழையுங்கள். அது நல் தரும்.

கெட்ச் தருவதைக் கேரில் வாங்குவது

விசையை வாசிக்கும் கெட்ச் தருவதைக் கேர் வகையில் அல்ல, இன்ட் வகை மாறியில் வாங்குங்கள். மேல் அம்பு விசையின் எண் 259. எட்டு பிட்டில் திணித்தால் மிஞ்சுவது 3, அதாவது கன்ட்ரோல்-சி. வகுப்பில் ஒரு பிள்ளை மேல் அம்பை அமத்தும்போதெல்லாம் 'வெளியேறவா?' என்ற கேள்வி வந்தது இதனால்தான். 3 வந்தால் வெளியேறு என்று அவளே எழுதியிருந்தாள். அம்பு விசைகள் ஒற்றை எண்ணாக வருவதற்கே கீபேடை ட்ரூ என்று வைத்திருக்க வேண்டும், அதை மறந்தால் ஒவ்வொரு அம்பும் மூன்று துண்டாக வரும்.

எண்ட்வின் இல்லாமல் வெளியேறுவது

டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்புவது எண்ட்வின். கோப்பு திறக்கவில்லை என்று அதை அழைக்காமல் நடுவிலே எக்ஸிட் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டெர்மினல் எக்கோ இல்லாமல், வரி ஒழுங்கில்லாமல் கிடக்கும். தட்டுவது எதுவும் தெரியாது. பயந்து ஜன்னலை மூடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்று தட்டுங்கள். என்டர் வேலை செய்யாவிட்டால் கன்ட்ரோல்-ஜே. எண்ட்வினை அழைக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்றை அட்எக்ஸிட்டில் பதிந்து வைத்தால் எக்ஸிட் வழியாகப் போகும் எல்லா வாசலுக்கும் அது போதும். செக்மென்டேஷன் ஃபோல்ட் போல ஏதாவது வந்து புரோகிராம் செத்தால் அட்எக்ஸிட் ஓடாது, அப்போது ரீசெட்தான் கதி.

ப்ரின்ட்எஃப்

இனிட்ஸ்கிரீனுக்கும் எண்ட்வினுக்கும் நடுவில் வேண்டாம்.

நிறம்

முதலில் ஹேஸ்_கலர்ஸ், பிறகு ஸ்டார்ட்_கலர், அதற்குப் பிறகே இனிட்_பேர்.

ஜன்னல் வரைந்தது காணாமல் போவது

நியூவின்னில் ஜன்னல் திறந்து, எழுதி, டபிள்யூரிஃப்ரெஷும் கொடுத்த பிறகு விசைக்காகக் கெட்சை அழைக்கிறார்கள். கெட்ச் முழுத்திரைக்குச் சொந்தமானது; திரையில் மாற்றம் காத்திருந்தால் தானே ரிஃப்ரெஷ் செய்துவிட்டுத்தான் விசைக்குக் காத்திருக்கும். முதல் முறை அந்த முழுத்திரை வெறுமையாக இருக்கும், அந்த வெறுமை உங்கள் ஜன்னலின் மேல் வந்து படியும். இனிட்ஸ்கிரீன் முடிந்ததும் ஒரு ரிஃப்ரெஷ் கொடுத்துவிடுங்கள், அல்லது அந்த ஜன்னலின் மேலேயே டபிள்யூகெட்சை அழையுங்கள்.

எஸ்கேப் பிந்துவது

அம்பு விசைகளும் எஸ்கேப் பைட்டில்தான் தொடங்குகின்றன. ஆகவே எஸ்கேப் வந்ததும், பின்னால் வேறு ஏதும் வருகிறதா என்று என்கர்சஸ் காத்திருக்கும். சொல்லாவிட்டால் 1000 மில்லிவிநாடி, ஒரு முழு விநாடி. செட்_எஸ்க்டிலேக்கு 25 கொடுத்துப் பாருங்கள். தொலைவிலுள்ள சேர்வரில், இணைப்பு மந்தமாக இருந்தால் 100 வரை கூட்டுங்கள், இல்லாவிட்டால் அம்பு விசையே எஸ்கேப்பாகப் பிரிந்து வரும்.