மார்வா பாடுவோர் சறுக்கும் இடங்கள்

கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு இந்துஸ்தானிப் பக்கம் வருகிறவர்களுக்கு மார்வா பழகிய ராகம் போலத் தோன்றும். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம், பஞ்சமம் இல்லை. ‘அட, நம்ம ஹம்ஸானந்தி ராகம்தானே!’ முதல் சறுக்கல் அதுதான்.

இதே ஸ்வரங்களில் அங்கே மூன்று ராகங்கள் இருக்கின்றன. காந்தார நிஷாதங்களில் சாய்ந்து, கீழ் ஸ்தாயியில் உலவினால் பூரியா. மேல் சட்ஜத்தைச் சுற்றியே வந்தால் சோஹினி. ஹம்ஸானந்தியை மனசில் வைத்துப் பாடுகிறவர் பெரும்பாலும் சோஹினி வாசலில்தான் போய் நிற்பார். மார்வாவின் உயிர் ரிஷபத்திலும் தைவதத்திலும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, சட்ஜத்துக்கு ஓடுவது. ரிஷபம் சட்ஜத்தை ஒட்டியே இருப்பதால் தொண்டை தானாக இறங்கப் பார்க்கும். இறங்கினால் போச்சு, அந்தி நேரத்துத் தவிப்பு அத்தனையும் கரைந்துவிடும். நிஷாதத்திலிருந்து சட்ஜத்தைத் தாண்டி ரிஷபத்துக்குப் போய், அசைக்காமல் நின்று, அங்கிருந்து ‘மீண்ட்’ என்கிற இழைப்பில் வழுக்கித் தைவதத்துக்கு வர வேண்டும். சட்ஜம் எப்போதாவது வந்தால் போதும். வரும்போது கேட்பவர் பெருமூச்சு விடுவார். உஸ்தாத் அமீர்கானின் மார்வா பதிவில் அந்தப் பொறுமையைக் கேட்கலாம்.

தம்பூராவையும் கவனியுங்கள். பஞ்சமமில்லாத ராகத்துக்கு முதல் தந்தியைப் பஞ்சமத்தில் விடக்கூடாது. நிஷாதத்துக்கு மாற்ற வேண்டும். செல்போன் தம்பூராவை வழக்கம்போலப் பஞ்சமத்தில் ஓடவிட்டு அரை மணி பாடி, ‘ஏன் இடிக்கிறது?’ என்று என் தொண்டையையே நான் திட்டிக்கொண்டதுண்டு.

ஆலாப் (நிதானமான ராக விரிவு) தழைக்கும் முன் தான்களை (வேகமான ஸ்வரக் கோவைகளை)க் கொட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைதட்டல் ஆசைதான் காரணம்.

கடைசியாக, சம் (தாளச் சுற்றின் முதல் மாத்திரை) தவறுவது. விலம்பித் (மெதுவான) ஏக்தாளில் ஒரு சுற்றின் 12 மாத்திரை ஒரு நிமிஷம்வரைகூட இழுக்கும். நம்மூர்ப் பழக்கத்தில் கையால் தாளம் போட்டு எண்ணினால் கற்பனை அங்கேயே நின்றுபோகும். தபலாவின் டேக்காவை (தாளத்துக்கென்று உள்ள நிலையான சொற்கட்டை)க் கேட்டுப் பழக வேண்டும். ‘திரகிட’ 4ஆம் மாத்திரையிலும் 10ஆம் மாத்திரையிலும் வரும். நமக்கு வேண்டியது ‘கத்’ விழுந்தபிறகு வருகிற இரண்டாவது திரகிட. அது காதில் பட்டதும் பந்திஷின் (பாட்டின்) முகடாவை, அதாவது சமத்துக்கு இட்டுச்செல்லும் தொடக்க வரியை, நாக்கு நுனியில் வைத்துக்கொள்ளுங்கள், சமத்துக்கு முன் இன்னும் இரண்டே மாத்திரைதான்.