பிராண்டிப் போத்தலைப் படுக்கவைக்காதீர்கள்

போன மாதம் எங்கள் குசினியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓர் எக்ஸ்ஓ கொன்யாக் (நெடுநாள் முதிர்ந்த பிரெஞ்சுப் பிராண்டி) வாங்கி, வைன் போத்தல்களோடு சேர்த்துப் படுக்கவைத்திருந்தார். "மகள் பிறந்திருக்கிறாள் அண்ணா. அவளின்ர கலியாணத்துக்கு உடைப்பம், அதுக்குள்ள நல்லா முதிர்ந்திடும்" என்றார். பரிஸுக்கு வந்து உணவக வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் பிராண்டியில் நாம் வழக்கமாக விடும் பிழைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். கோலா கலக்கலாமா, ஐஸ் போடலாமா என்பதெல்லாம் அவரவர் விருப்பம், அதற்குள் போகவில்லை.

எல்லாம் ஒரே பிராண்டி என்று எண்ணுவது

கொன்யாக்கைச் செப்புக் கலத்தில் இரண்டு முறை வடிக்கிறார்கள், மென்மையாக இருக்கும். தென்மேற்குப் பிரான்ஸின் ஆர்மன்யாக் பெரும்பாலும் ஒரே முறை வடிப்பது. கொஞ்சம் முரடு, வற்றல் பிளம்ஸின் வாசம். ஸ்பெயினின் ஹெரெஸ் பிராண்டி, ஷெரி வைன் இருந்த பீப்பாய்களில் இளையதை மூத்ததோடு படிப்படியாகக் கலந்து வளர்வது. உலர்திராட்சை இனிப்பு தெரியும். நார்மண்டியின் கல்வதோஸ் ஆப்பிளில் பிறந்தது. ஒன்றுக்குப் பொருந்தும் சாப்பாடு மற்றதற்குப் பொருந்தாது.

போத்தலுக்குள் முதிரும் என்று சேமிப்பது

நான் வாங்கியது விஎஸ்ஓபி, எக்ஸ்ஓவைவிட இளைய கொன்யாக். அக்காவின் மகன் பிறந்த வருடம். அலுமாரியின் அடித்தட்டில் 18 வருடம் படுத்தே கிடந்தது. மருமகனின் பிறந்தநாளன்று தக்கையைத் திருகினேன். பாதி கையோடு வந்தது, மீதி தூளாகி உள்ளே விழுந்தது. மது போத்தலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. வடிகட்டி ஊற்றினால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். அவன் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

வைனைப் படுக்கவைப்பது தக்கை காயாமல் இருக்க. பிராண்டியில் 40 விழுக்காடு ஆல்ககோல். தக்கையைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் அரித்துவிடும். எப்போதும் நிமிர்த்தி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

சரி, நிமிர்த்தி வைத்திருந்தால் முதிர்ந்திருக்குமா? ஒரு நாள்கூட முதிர்ந்திருக்காது. பிராண்டிக்கு வயது ஏறுவது மரப்பீப்பாயில்தான். ஓக் மரத்திலிருந்து நிறமும் வனிலா வாசமும் இறங்கும், மரத்தின் வழியே காற்று கசிந்து வரும், வருடத்துக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகிப் போகும். பிரெஞ்சுக்காரர் அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். கொன்யாக் நகரில் கிடங்குச் சுவர்கள் கரி பூசியது போலக் கறுத்திருக்கும். அந்த ஆவியில் வளரும் பூஞ்சை அது. கண்ணாடிக்குள் இதில் எதுவும் நடக்காது. பல பத்தாண்டுகள் கடந்த கொன்யாக் இனி மரத்தில் இருந்தது போதும் என்று தோன்றினால், கிடங்குக்காரர்களே அதைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றுகிறார்கள், வயது ஏறுவதை நிறுத்தத்தான்.

கொன்யாக் லேபிளில் உள்ள எழுத்து, கலவையில் மிக இளையது மரத்தில் இருந்த காலத்தைச் சொல்கிறது: விஎஸ் என்றால் குறைந்தது 2 வருடம், விஎஸ்ஓபி 4, எக்ஸ்ஓ 10. 2018க்கு முன் எக்ஸ்ஓவுக்கு 6 போதுமாக இருந்தது. என் விஎஸ்ஓபி 18 வருடம் கழித்தும் விஎஸ்ஓபிதான்.

பிறந்த வருடத்தைக் கொண்டாடத்தான் வேண்டுமென்றால், பிள்ளை வளர்ந்த பிறகு அந்த வருடத்து ஆர்மன்யாக் தேடுங்கள். அறுவடை வருடம் பொறித்த போத்தல்கள் அங்கே வழக்கம். போத்தலில் அடைத்த வருடத்தையும் கட்டாயம் பாருங்கள். 1995 அறுவடை, 2005இல் அடைத்தது என்றால் அதன் வயது 10தான்.

திறந்த போத்தலையும் நெடுநாள் சேமித்து வைக்காதீர்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே நிற்கும் காற்று மணத்தைத் தின்னத் தொடங்கும்.

மெழுகுவர்த்தியில் கிளாஸைச் சூடாக்குவது

வேண்டாம். உள்ளங்கைச் சூடு போதும்.

சமைக்கும்போது சட்டிக்குள் போத்தலோடு சரிப்பது

தீ போத்தல் வாய்க்குத் தாவும். கோப்பையில் அளந்து, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஊற்றுங்கள்.

உறைப்புக் கறியோடு குடிப்பது

நம் வீடுகளில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் இருந்தால்தான் போத்தலே மேசைக்கு வரும். மிளகாய் எரியும் நாக்கில் பிராண்டி இன்னும் எரியும். பழ வாசம் ஒன்றும் தெரியாது. கொழுப்பும் உப்பும் இனிப்பும்தான் இதற்குத் துணை. அதன் கொழுப்பிலேயே வெந்த வாத்துக் காலோடு ஆர்மன்யாக், கமம்பேர் சீஸோடோ சூடான ஆப்பிள் தார்த்தோடோ கல்வதோஸ், கறுப்புச் சொக்கலேட்டோடு எக்ஸ்ஓ. விஎஸ்ஓபியை உறைபெட்டியில் குளிரவைத்துச் சிப்பியோடு ஒருமுறை குடித்துப் பாருங்கள். அப்புறம் நானே கண்டுகொண்டது ஒன்று: ஹெரெஸ் பிராண்டியும் வட்டிலப்பமும். கித்துல் கருப்பட்டியும் ஏலக்காயும் அந்த உலர்திராட்சை வாசத்தோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

தம்பி போத்தலை நிமிர்த்திவிட்டார். மகள் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த இரவு அதைத் திறந்தோம். தக்கை முழுசாக வந்தது. ஆறு கிளாஸ், இரண்டு கட்டிச் சொக்கலேட். யாரும் கிளாஸைத் தள்ளி வைக்கவில்லை.